உள்ளூர் அரசு அமைப்புகளின் கூட்டுப்பணி: வேல்ஸின் சட்டமும் கார்டிஃபின் அனுபவமும்

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: உள்ளாட்சி மன்றம், சுகாதார நிர்வாகம், காவல்துறை, தீயணைப்புத் துறை என்று ஒரே பகுதியில் தனித்தனியாக இயங்கும் அரசு அமைப்புகளை ஒரு குழுவாகச் சேர்த்துவிட்டால் அந்தப் பகுதி மக்களின் நலவாழ்வு உண்மையிலேயே மேம்படுமா? இதற்கென்றே சட்டம் இயற்றிய, பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸில் என்ன நடந்திருக்கிறது? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேம்படும், அதற்கு நம்பத்தக்க சான்றும் இருக்கிறது. ஆனால் குழு அமைத்ததாலேயே அது நடந்துவிடுவதில்லை. ஒருவரிடம் மட்டும் இருக்கும் தகவல் மற்றவர் கைக்கு ஒழுங்காகவும் தொடர்ந்தும் போய்ச் சேர வேண்டும்; அதைப் பார்த்தபின் இன்னார் இன்ன வேலையைச் செய்வது என்று முடிவாக வேண்டும்; செலவு செய்கிறவர் ஒருவர், பலன் பெறுகிறவர் வேறொருவர் என்ற கணக்குச் சிக்கலுக்கு வழி காணப்பட வேண்டும். இந்த மூன்றும் அமைந்த இடத்தில் பலன் கிடைத்திருக்கிறது. அமையாத இடத்தில் வேலை திட்ட அறிக்கையைத் தாண்டி அதிகம் நகரவில்லை.

இப்படி ஒரு தேவை ஏன் எழுந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஈரம் கசிந்து பூஞ்சை படர்ந்த வாடகை வீட்டில் தனியாக வாழும் முதியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வீட்டின் நிலை வீட்டுவசதிப் பிரிவின் பொறுப்பு. அந்த ஈரத்தால் வரும் மூச்சுத்திணறலுக்கு மருத்துவமனை பொறுப்பு. மாடிப்படியில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் ஆம்புலன்ஸ் வர வேண்டும். வீடு திரும்பிய பிறகு சமூகநலத் துறை கவனிக்க வேண்டும். குளிருக்காகப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்த சூடேற்றியிலிருந்து தீப்பற்றினால் தீயணைப்பு வண்டி வர வேண்டும். இத்தனை துறைகளும் தத்தம் வேலையைக் குறைவில்லாமல் செய்தாலும் அவருடைய வாழ்க்கை மேம்படாது. எல்லாவற்றுக்கும் மூலமான அந்தச் சுவரைச் சரிசெய்ய ஒரு துறை பணம் செலவழித்தால், மிச்சமாகும் பணம் வேறு துறையின் கணக்கில்தான் மிச்சமாகும். ஆகவே சுவரைச் சரிசெய்ய எந்தத் துறைக்கும் நிதி சார்ந்த உந்துதல் இருப்பதில்லை. பொது நிர்வாகத்தில் உள்ளவர்கள் பல்லாண்டுகளாகப் பேசிவரும் இந்தச் சிக்கலில் எந்த அதிகாரியையும் குறை சொல்ல முடியாது; அமைப்பு முறையே அப்படிப்பட்டது.

அதற்கு நாம் கொடுக்கும் விலை சிறியதன்று. ஸ்காட்லாந்தின் பொதுச் சேவைகளின் எதிர்காலத்தை ஆராய்ந்த, கேம்ப்பெல் கிறிஸ்டி தலைமையிலான ஆணையம் 2011-இல் அறிக்கை அளித்தது. பொதுச் சேவைகளுக்கான மொத்தச் செலவில் 40 சதவீதம் வரை, முன்கூட்டியே தடுக்கும் முயற்சிகளுக்கு முதலிடம் கொடுத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய தலையீடுகளுக்கே போகிறது என்று அது மதிப்பிட்டது. இது தோராயமான மதிப்பீடுதான் என்பதை மறந்துவிடக் கூடாது. இருந்தாலும், நோய் முற்றிய பிறகு, குடும்பம் சிதைந்த பிறகு, குற்றம் நடந்த பிறகு வந்து நிற்பதிலேயே அரசின் கணிசமான பணம் கரைகிறது என்ற அதன் அடிப்படை வாதத்தை இதுவரை யாரும் தகர்க்கவில்லை.

பணத்தைவிடப் பெரிய விலையும் உண்டு. 2000 பிப்ரவரியில் லண்டனில், பராமரிப்பாளர்களின் தொடர்ந்த கொடுமையால் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். லேமிங் பிரபு நடத்திய விசாரணையின் அறிக்கை 2003-இல் வெளிவந்தது. அவள் ஒளித்து வைக்கப்பட்ட குழந்தை அல்லள். நான்கு சமூகநலத் துறைகளும் காவல்துறையின் இரண்டு குழந்தைப் பாதுகாப்புப் பிரிவுகளும் அவளை அறிந்திருந்தன. வேண்டுமென்றே துன்புறுத்தப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தின்பேரில் இரண்டு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டிருந்தாள். உரிய நேரத்தில் தலையிட்டிருக்கக்கூடிய 12 சந்தர்ப்பங்கள் தவறவிடப்பட்டதாக விசாரணை கண்டது. ஒவ்வொரு அலுவலகத்திலும் உண்மையின் ஒரு துண்டு இருந்தது. எல்லாத் துண்டுகளையும் சேர்த்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. இதற்குப் பிறகு வந்த 2004-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், குழந்தைப் பாதுகாப்பில் உள்ளூர் அமைப்புகள் ஒத்துழைப்பதைச் சட்டக் கடமையாக்கியது. ஒத்துழைப்பை அதிகாரிகளின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிட முடியாது என்ற எண்ணம் பிரிட்டனில் வலுப்பட்டதற்கு இத்தகைய துயரங்கள் முக்கியக் காரணம்.

இனி வேல்ஸுக்கு வருகிறேன். ஏறத்தாழ 31 லட்சம் மக்கள் வாழும் அந்நாட்டின் சட்டமன்றம் 2015-இல் எதிர்காலத் தலைமுறைகளின் நலவாழ்வுச் சட்டத்தை இயற்றியது; அதன் முதன்மையான கடமைகள் 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. வளம், மீள்திறன், உடல்நலம், சமத்துவம், ஒற்றுமையான சமூகங்கள், துடிப்பான பண்பாடும் தழைக்கும் வெல்ஷ் மொழியும், உலகப் பொறுப்பு என்று ஏழு இலக்குகளை அது வகுத்தது. தொடக்கத்தில் 44 பொது அமைப்புகள் அந்த இலக்குகளை நோக்கிச் செயல்படக் கடமைப்பட்டன. இலக்குகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அச்சட்டம் சொல்லும் ஐந்து செயல்முறைகள்: நீண்ட காலத்தை மனத்தில் கொள்ளுதல், சிக்கல் வருமுன் தடுத்தல், தன் இலக்கு பிறருடைய இலக்கை எப்படிப் பாதிக்கும் என்று பார்த்தல், கூட்டாகச் செயல்படுதல், மக்களை ஈடுபடுத்துதல். என்ன சாதித்தீர்கள் என்பதோடு, எப்படி முடிவெடுத்தீர்கள் என்பதையும் கேட்கும் சட்டம் இது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பொது அமைப்புகளின் செயல்முறையை இந்த ஐந்தையும் கொண்டு ஆராய்கிறார். எதிர்காலத் தலைமுறைகளுக்கான ஆணையர் என்ற தனிப் பதவியும் உருவாக்கப்பட்டது. சோஃபி ஹவ் முதல் ஆணையராக இருந்தார், 2023 முதல் டெரெக் வாக்கர் இருக்கிறார்.

உள்ளூர் அளவில் இச்சட்டத்தின் கருவி பொதுச் சேவை வாரியம். ஒவ்வோர் உள்ளாட்சிப் பகுதிக்கும் ஒரு வாரியம் வேண்டும். பக்கத்துப் பகுதிகள் சேர்ந்து ஒரே வாரியமாக இயங்கவும் அனுமதி உண்டு. உள்ளாட்சி மன்றம், சுகாதார வாரியம், தீயணைப்பு மற்றும் மீட்பு ஆணையம், இயற்கை வளங்களைப் பேணும் தேசிய அமைப்பு ஆகிய நான்கும் அதன் கட்டாய உறுப்பினர்கள். காவல்துறைத் தலைவர், காவல் மற்றும் குற்றத் தடுப்பு ஆணையர், நன்னடத்தைக் கண்காணிப்புத் துறை, தன்னார்வ அமைப்புகளின் பிரதிநிதி, வேல்ஸ் அமைச்சர்கள் ஆகியோர் கட்டாயமாக அழைக்கப்பட வேண்டியவர்கள். வாரியம் முதலில் தன் பகுதியின் நலவாழ்வு பற்றிய மதிப்பீட்டை வெளியிட வேண்டும். தன் எல்லைக்குள் எந்தெந்தச் சமூகங்கள் இருக்கின்றன என்று பிரித்துக்காட்டி ஒவ்வொன்றின் நிலையையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்கிறது சட்டம். இந்தச் சிறு நிபந்தனையை நான் பெரிதாக மதிக்கிறேன். மாவட்டச் சராசரி என்ற ஒற்றை எண், பக்கத்துப் பக்கத்துத் தெருக்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை மறைத்துவிடும். பிரித்துப் பார்க்கச் சொன்னால் அப்படி மறைப்பது கடினம். மதிப்பீட்டின் அடிப்படையில், உள்ளாட்சித் தேர்தல் முடிந்த ஓராண்டுக்குள் நலவாழ்வுத் திட்டம் வெளிவர வேண்டும். முதல் சுற்றுத் திட்டங்கள் 2018-இலும் இரண்டாம் சுற்றுத் திட்டங்கள் 2023-இலும் வெளியாயின.

மக்கள் நலவாழ்வைத் திட்டமிடும் வாரியத்தில் தீயணைப்புத் துறைக்கு என்ன வேலை என்று பலருக்கும் தோன்றும். கூட்டுப்பணியின் பயனை நன்றாகக் காட்டும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். வீட்டுத் தீவிபத்தில் இறக்கும் ஆபத்து யாருக்கு அதிகம் என்று பிரிட்டனின் தீயணைப்புத் துறைகள் நெடுங்காலமாக ஆராய்ந்துவருகின்றன. முதியவர்கள், தனியாக வாழ்பவர்கள், புகைபிடிப்பவர்கள், நடமாட முடியாதவர்கள், மனநலப் பாதிப்பு அல்லது நினைவுத் தடுமாற்றம் உள்ளவர்கள் ஆகியோரே மீண்டும் மீண்டும் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். விழுந்து அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வருபவர்களின் பட்டியலை எடுத்தாலும், குளிர்காலத்தில் மருத்துவமனையில் சேர்பவர்களின் பட்டியலை எடுத்தாலும் ஏறக்குறைய இதே மக்கள்தான். புகை எச்சரிக்கைக் கருவி பொருத்த அந்த வீடுகளுக்கு எப்படியும் போகும் தீயணைப்பு வீரர், மாடிப்படியின் கைப்பிடி ஆடுகிறதா, கிழிந்த கம்பளம் காலைத் தடுக்குமா, வீடு கதகதப்பாக இருக்கிறதா, அந்த மனிதரிடம் வாரத்தில் ஒருவராவது பேசுகிறாரா என்பதையும் பார்த்து உரிய துறைக்குத் தெரிவிக்கலாம். சமூகநலப் பணியாளர் வந்தால் வேவு பார்க்க வந்திருக்கிறார் என்று தயங்கிக் கதவைத் திறக்காதவர்கள்கூடத் தீயணைப்புச் சீருடைக்குத் திறந்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் 2015-இல் தேசிய சுகாதார நிர்வாகமும் தீயணைப்புத் தலைமை அதிகாரிகளின் சங்கமும் வேறு சில அமைப்புகளோடு சேர்ந்து இத்தகைய வீட்டுச் சந்திப்புகளை விரிவுபடுத்த உடன்பட்டன. புதிய கட்டடமோ புதிய துறையோ தேவைப்படவில்லை. ஏற்கெனவே நடக்கும் ஒரு சந்திப்பில் இன்னும் சில கேள்விகள் சேர்ந்தன, விடைகளை அனுப்ப ஒரு வழி உண்டாயிற்று.

சட்டத்தின் வலிமையைச் சொன்னதுபோல் அதன் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். வாரியத்தின் கூட்டம் செல்லுபடியாக எல்லாக் கட்டாய உறுப்பினர்களும் வந்திருக்க வேண்டும்; முடிவும் ஒருமனதாக இருக்க வேண்டும். ஒரு துறையின் மீது மற்றொரு துறை பெரும்பான்மையால் எதையும் திணிக்க முடியாது என்ற வகையில் இது நியாயமானது; திணிக்கப்பட்ட முடிவை எந்தத் துறையும் மனமுவந்து நிறைவேற்றாது. ஆனால் இதற்கு இன்னொரு விளைவும் உண்டு. யாரும் மறுக்க முடியாத பொதுவான சொற்களில் திட்டம் எழுதப்படும் போக்கு தானாக வந்துவிடுகிறது. ‘குழந்தைகளுக்கு வாழ்வின் நல்ல தொடக்கம்’ என்ற குறிக்கோளை எந்தத் துறை எதிர்க்கும்? ‘அடுத்த இரண்டு ஆண்டுகளில் இந்த மூன்று தெருக்களில் உள்ள ஈரமான வீடுகளைச் சரிசெய்வோம், செலவில் மூன்றில் ஒரு பங்கைச் சுகாதார வாரியம் ஏற்கும்’ என்று எழுதினால்தான் உண்மையான பேச்சுவார்த்தை தொடங்கும். ஒரு நலவாழ்வுத் திட்டத்தைப் படிக்கும்போது அதில் உள்ள எந்த வாக்கியம் ஏதாவது ஒரு துறைக்குச் சங்கடம் தந்திருக்கும் என்று தேடிப் பார்ப்பது நல்ல சோதனை. அப்படி ஒன்றுமே இல்லையென்றால் பேச வேண்டியது பேசப்படவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

எல்லைகளும் ஒரு சிக்கல். வேல்ஸில் உள்ளாட்சி மன்றங்கள் 22, சுகாதார வாரியங்கள் 7, காவல் படைகள் 4, தீயணைப்பு அமைப்புகள் 3. தெற்கு வேல்ஸ் தீயணைப்பு அமைப்பின் எல்லைக்குள் மட்டும் 10 உள்ளாட்சிப் பகுதிகள் உள்ளன. ஒவ்வொரு பகுதிக்கும் தனி வாரியம் என்றால் அந்த அமைப்பின் மூத்த அதிகாரிகள் பத்து மேசைகளில் அமர்ந்து பத்துத் திட்டங்களுக்கு உடன்பட வேண்டும். அப்போது கூட்டத்துக்கு முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் வராமல், குறிப்பெடுத்துப் போக ஒருவர் அனுப்பப்படும் நிலை எளிதில் வந்துவிடும். அந்தக் கட்டத்தில் கூட்டம் தொடரும், கூட்டுப்பணி நின்றுவிடும். தென்கிழக்கு வேல்ஸில் உள்ள க்வென்ட் பகுதியின் ஐந்து வாரியங்கள் 2021-இல் ஒன்றானதற்குப் பின்னால் இத்தகைய நடைமுறைக் காரணம் இருந்தது. அங்கே சுகாதார வாரியத்தின் எல்லையும் காவல் படையின் எல்லையும் அந்த ஐந்து உள்ளாட்சிப் பகுதிகளோடு பொருந்துகின்றன. வாரியம் பெரிதாகும்போது குடியிருப்பாளர்களிடமிருந்து விலகிப் போகும் ஆபத்து இருக்கிறது என்பதால், கீழ்மட்டத்தில் ஒவ்வோர் உள்ளாட்சிப் பகுதிக்கும் தனிச் செயற்குழு வேண்டும். பெரிதா சிறிதா என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது என்றாலும், எல்லைகள் பொருந்தும் இடத்தில் வேலை எளிதாகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஒன்றான க்வென்ட் வாரியம் 2022-இல், உடல்நல ஏற்றத்தாழ்வைக் குறைப்பதற்கான மார்மட் கொள்கைகளை ஏற்ற வேல்ஸின் முதல் பிராந்தியமானது. சர் மைக்கேல் மார்மட் 2010-இல் இங்கிலாந்துக்காக நடத்திய ஆய்வு, மிக ஏழ்மையான பகுதிகளில் வாழ்பவர்கள் மிக வசதியான பகுதிகளில் வாழ்பவர்களைவிடச் சராசரியாக ஏழு ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்றும், உடற்குறைபாடில்லாமல் வாழும் ஆண்டுகளில் இடைவெளி பதினேழு ஆண்டுகள் என்றும் காட்டியது. குழந்தைப் பருவம், கல்வி, வேலை, வருமானம், வாழும் இடம் ஆகியவற்றை விட்டுவிட்டு மருத்துவமனைக்குள் மட்டும் அந்த இடைவெளியைக் குறைக்க முடியாது என்பது அதன் மையக் கருத்து. வீட்டுவசதியும் பள்ளியும் வேலைவாய்ப்பும் சுகாதாரத் துறையின் கையில் இல்லை. அவை கையில் உள்ள துறைகள் ஆயுட்காலத்துக்குத் தாமும் பொறுப்பு என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். கூட்டு வாரியம் இருக்க வேண்டிய மிக ஆழமான காரணம் இதுவே என்று கருதுகிறேன்.

அடுத்தது பணம். பொதுச் சேவை வாரியங்களுக்கென்று தனி நிதி ஒதுக்கீடு கிடையாது. ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் கிடைக்கும் சிறிய பிராந்திய மானியம் தவிர, எல்லாவற்றுக்கும் உறுப்பினர்கள் தத்தம் நிதியிலிருந்துதான் தர வேண்டும். அதே நாட்டில், 2014-ஆம் ஆண்டின் சமூக சேவைகள் மற்றும் நலவாழ்வுச் சட்டத்தின் கீழ் ஏழு பிராந்தியக் கூட்டாண்மை வாரியங்களும் இயங்குகின்றன; சுகாதாரத்தையும் சமூகப் பராமரிப்பையும் இணைக்கும் அவற்றின் வழியாக அரசின் கணிசமான நிதி செல்கிறது. ஒரே அதிகாரிகள் இரண்டு மேசைகளிலும் அமர வேண்டியிருக்கும்போது, பணம் உள்ள மேசையில்தான் அவர்களின் கவனம் குவியும். வேல்ஸின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதை வெளிப்படையாகவே பேசியது: இன்னும் நெகிழ்வாக இயங்கவும் மாறுபட்டுச் சிந்திக்கவும் சுதந்திரம் தரப்படாவிட்டால் இந்த வாரியங்கள் தங்கள் முழுத் திறனை எட்டுவது ஐயம்தான் என்பது அதன் முடிவு. கடமையைச் சட்டத்தில் எழுதிவிட்டு வசதியைத் தராமல் விடுவது சரியன்று என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் பணத்தை ஒன்றாகப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தவறு. இங்கிலாந்தில் சுகாதார நிதியையும் உள்ளாட்சியின் சமூகப் பராமரிப்பு நிதியையும் இணைக்க மேம்பட்ட பராமரிப்பு நிதி என்ற பெரிய ஏற்பாடு 2015-16-இல் தொடங்கியது. பல நூறு கோடி பவுண்டுகள் கூட்டுக் கணக்குகளுக்குள் வந்தன. மருத்துவமனையில் அவசரமாகச் சேர்க்கப்படும் நிகழ்வுகளின் எண்ணிக்கையில் 1,06,000-ஐக் குறைப்பது முதலாண்டின் திட்டம். நடந்ததோ, அந்த எண்ணிக்கை 87,000 கூடியது என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2017-இல் அறிக்கை அளித்தது. பணம் ஒன்றானாலும், அது ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த சேவைகளைத் தாங்கிப் பிடிக்கவே பெரும்பாலும் தேவைப்பட்டது. ஓராண்டுக்குள் பலன் காட்ட வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் தடுப்புப் பணியின் இயல்புக்குப் பொருந்தாதது. என்ன செய்யப்போகிறோம், அதனால் யாருக்கு எது மாறும் என்பது தெளிவாகாமல் கணக்குகளை மட்டும் இணைத்தால் பலன் வராது.

எது பலன் தந்தது? வேல்ஸின் தலைநகரான கார்டிஃபிலேயே அதற்கு விடை இருக்கிறது, அதுவும் நான் மேலே சொன்ன சட்டத்துக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்து. முகம் மற்றும் தாடை அறுவை சிகிச்சை நிபுணரான ஜொனாதன் ஷெப்பர்ட், தாக்குதலில் முகம் கிழிந்து, தாடை உடைந்து தன்னிடம் வருபவர்களில் பெரும்பகுதியினர் பற்றிக் காவல்துறைக்கு எதுவுமே தெரியாது என்பதைக் கண்டறிந்தார். பழிவாங்கலுக்கு அஞ்சியோ, அடித்தவர் யாரென்று தெரியாததாலோ, தன் நடத்தையும் கேள்விக்குள்ளாகும் என்று தயங்கியோ மக்கள் புகார் கொடுப்பதில்லை. ஆனால் காயத்துக்குத் தையல் போட வந்துதான் ஆக வேண்டும். ஆகவே நகரத்தில் வன்முறை எங்கே நடக்கிறது என்பது பற்றிய மிக முழுமையான தகவல் காவல் நிலையத்தில் இல்லை, அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தது. அது இருப்பதே யாருக்கும் தெரியவில்லை.

அங்கே உருவான முறை மிகவும் எளிமையானது. அவசர சிகிச்சைப் பிரிவின் வரவேற்பு மேசையில் பதிவு செய்யும் எழுத்தர், தாக்கப்பட்டு வந்தவரிடம் வழக்கமான விவரங்களோடு கூடுதலாகச் சில கேள்விகள் கேட்கிறார். எந்த இடத்தில் நடந்தது? மதுக்கூடத்தின் பெயர் என்ன, அல்லது எந்தத் தெரு? எப்போது? கையாலா, கண்ணாடிக் குவளையாலா, கத்தியாலா? தாக்கியவர்கள் எத்தனை பேர்? பெயரும் முகவரியும் நீக்கப்பட்டு இந்த விவரங்கள் மட்டும் உள்ளூர்ப் பாதுகாப்புக் குழுவின் பகுப்பாய்வாளருக்குப் போகின்றன. அவர் அதைக் காவல்துறையின் பதிவுகளோடு இணைத்து வரைபடமும் சுருக்கமும் தயாரிக்கிறார். காவல்துறை, உள்ளாட்சி, மருத்துவர்கள், மது உரிமம் வழங்கும் அதிகாரிகள் ஆகியோர் ஒழுங்கான இடைவெளியில் கூடி அதைப் பார்க்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் பேசப்படுவது பொதுவான குறிக்கோள்கள் அல்ல. இன்ன தெருவில் சனிக்கிழமை நள்ளிரவுக்குப் பின் ஏன் இத்தனை பேர் அடிபடுகிறார்கள் என்பதே பேச்சு. அதற்கேற்பக் காவல் ரோந்து இடம் மாறுகிறது. திரும்பத் திரும்பப் பட்டியலில் வரும் மதுக்கூடத்தின் உரிமம் பற்றிக் கேள்வி எழுகிறது. உடைந்தால் ஆயுதமாகும் கண்ணாடிக் குவளைகளுக்குப் பதில் பிளாஸ்டிக் குவளைகள் வருகின்றன. கூட்டம் நெரியும் தெருவில் இரவில் வாகனப் போக்குவரத்து தடைசெய்யப்படுகிறது.

இதன் விளைவை 2011-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, கார்டிஃபைப் போன்ற 14 நகரங்களோடு ஒப்பிட்டு மதிப்பிட்டது. வன்முறையால் மருத்துவமனையில் சேர்க்கப்படுவோர் விகிதம் கார்டிஃபில் ஒரு லட்சம் பேருக்கு மாதம் 7-இலிருந்து 5-ஆகக் குறைந்தது. ஒப்பீட்டு நகரங்களில் 5-இலிருந்து 8-ஆக உயர்ந்தது. அதே ஆய்வில் மேலோட்டமாகப் பார்த்தால் முரண்போல் தோன்றும் இன்னொரு தகவலும் உண்டு: காவல்துறை பதிவு செய்த சிறிய தாக்குதல்கள் கார்டிஃபில் கூடின. சச்சரவு முற்றுமுன்பே காவலர்கள் அங்கு இருந்து தலையிட்டதால் இது நேர்ந்திருக்கலாம் என்ற விளக்கம் எனக்கு ஏற்புடையதாகத் தெரிகிறது. குற்றப் பதிவு எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தன் வேலையை அளக்கும் துறை இதைத் தோல்வி என்று எழுதியிருக்கும். மருத்துவமனையின் கணக்கும் பக்கத்தில் இருந்ததால்தான் உண்மை தெரிந்தது. செலவையும் பலனையும் ஒப்பிட்டு 2014-இல் வெளியான ஆய்வு, இத்திட்டத்துக்குச் செலவான ஒவ்வொரு பவுண்டுக்கும் சமூகத்துக்கு 82 பவுண்டு மதிப்புள்ள பலன் கிடைத்ததாகக் கணக்கிட்டது. அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமும் இந்த முறையை எடுத்துக்கொண்டு அட்லாண்டா பகுதியில் தொடங்கிப் பரப்பியது.

கார்டிஃப் முறையில் நான் கவனிக்கச் சொல்வது அதன் அளவை. ஒரு மேசை, சில கேள்விகள், ஒரு பகுப்பாய்வாளர், சலிக்காமல் தொடர்ந்து நடந்த கூட்டம். தனிமனித இரகசியம் காக்கும் சட்டங்களைக் காட்டித் தகவலைத் தர மறுப்பது எல்லா இடங்களிலும் துறைகளின் வழக்கம். பெயரே இல்லாத தகவலைக் கேட்டதால் அந்தத் தடை இங்கே எழவில்லை. பெயர் தேவைப்படும் விஷயங்கள் உண்டு. குழந்தைப் பாதுகாப்பு அத்தகையது, அதற்குத் தனிச் சட்ட அடிப்படை வேண்டும். ஆனால் ஓர் ஊரின் நலவாழ்வு பற்றி எடுக்க வேண்டிய பெரும்பாலான முடிவுகளுக்கு யார் என்பதைவிட எங்கே, எப்போது, எப்படி என்பவையே போதும். நலவாழ்வு என்ற பெரிய சொல்லின் கீழ் ஏழு இலக்குகளையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் பார்ப்பதற்குப் பதில், இப்படி ஒரு குறிப்பிட்ட துன்பத்தை எடுத்து அதன் தகவல் யாரிடம் இருக்கிறது என்று தேடுவது நல்ல தொடக்கம். அதில் வெற்றி கண்ட குழுவின் உறுப்பினர்களுக்கு ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை வளர்கிறது. அடுத்த, இன்னும் கடினமான வேலைக்கு அந்த நம்பிக்கைதான் மூலதனம்.

மக்களின் பங்கு பற்றியும் சில சொற்கள். திட்டத்தை முடித்துவிட்டு இணையத்தில் ஒரு படிவம் போட்டுக் கருத்துக் கேட்பது ஈடுபடுத்துதல் ஆகாது. எதை முதலில் எடுப்பது என்று தீர்மானிக்கும் கட்டத்திலேயே குடியிருப்பாளர்கள் அந்த அறைக்குள் இருக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் 2015-ஆம் ஆண்டுச் சமூக அதிகாரமளிப்புச் சட்டம், ஒரு சேவையின் விளைவை மேம்படுத்தும் பேச்சில் தங்களையும் சேர்த்துக்கொள்ளும்படி பொது அமைப்பிடம் முறைப்படி கேட்கும் உரிமையைச் சமூகக் குழுக்களுக்குத் தந்திருக்கிறது. மறுத்தால் காரணம் சொல்லியாக வேண்டும். வேல்ஸின் சட்டத்தில் இதற்கு இணையான வலிமையுள்ள உரிமை இல்லாதது ஒரு குறை.

இருந்தாலும் வேல்ஸில் ஒரு வழி திறந்திருக்கிறது. ஒவ்வோர் உள்ளாட்சி மன்றத்திலும் உள்ள ஆய்வுக் குழுவுக்குப் பொதுச் சேவை வாரியத்தின் முடிவுகளை ஆராயவும், வாரிய உறுப்பினர்களை அழைத்து விளக்கம் கேட்கவும் அதிகாரம் உண்டு. அது எழுதும் அறிக்கையின் நகல் அமைச்சர்களுக்கும் எதிர்காலத் தலைமுறைகளுக்கான ஆணையருக்கும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளருக்கும் போக வேண்டும். வாரியம் ஆண்டுதோறும் வெளியிடும் முன்னேற்ற அறிக்கையை எடுத்துக்கொண்டு, கடந்த ஆண்டில் எந்தத் துறை தன் பணத்தை அல்லது தன் ஊழியர் நேரத்தை இன்னொரு துறையின் நோக்கத்துக்காகச் செலவழித்தது, எந்தத் தகவல் முதன்முறையாக ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது, அதனால் எந்தத் தெருவில் எது மாறியது என்று அந்தக் குழுவின் உறுப்பினரிடம் ஒரு குடியிருப்பாளர் கேட்கலாம். உறுப்பினர் அதே கேள்விகளை வாரியத்தின் முன் வைத்து, விடைகளைத் தம் அறிக்கையில் பதிவு செய்யலாம்.